ஈரலுக்கு முன்னால் தொடையைப் பார்க்கிறேன்

எண்பதுகளின் கடைசியில் தம்மம்பட்டியில் நான் கிளினிக் போட்டபோது, வயிற்று ஸ்கேன் வேண்டுமென்றால் ஆத்தூருக்கோ சேலத்துக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். பஸ் செலவும் ஸ்கேன் செலவும் சேர்ந்தால் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கையைக் கடிக்கும். கர்ப்பிணிகளையும் கல் வலியில் துடிக்கிறவர்களையும் தவிர வேறு யாருக்கும் எழுத மனம் வராது. ஈரலைக் கையால்தான் பார்ப்போம். வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி, விளிம்பு வந்து தட்டுகிறதா என்று பார்ப்பது. கொழுப்பு படிந்த ஈரல் பெரும்பாலும் அப்படிக் கைக்குச் சிக்காது, வலிக்கவும் செய்யாது. அதனால் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நோயே இல்லாததுபோல் காலம் போனது.

ஸ்கேன் மெஷின்கள் பெருகியபோது அந்த நிம்மதி போய்விட்டது. பித்தப்பைக் கல்லைத் தேடி எடுத்த ஸ்கேனிலும் கர்ப்பப்பைக் கட்டியைத் தேடி எடுத்த ஸ்கேனிலும் கேட்காமலே ஒரு வரி கூடுதலாக வர ஆரம்பித்தது: ஈரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று. பக்கத்திலிருக்கும் சிறுநீரகத்தைவிட ஈரல் வெளுப்பாகத் தெரிந்தால் அப்படி எழுதுவார்கள். ஈரலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு ஏறிய பிறகுதான் இந்த வெளுப்பு தெளிவாகத் தெரியும். ஸ்கேனில் கிரேடு ஒன்று என்பதே நோய் தொடங்கி வெகுநாள் ஆன பிறகு வருகிற சேதி.

எங்கள் படிப்பில் ஈரல் கொழுப்புக்குச் சாராயம்தான் முதல் காரணம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோய்க்குறியியலாளர் குடிப்பழக்கம் இல்லாத 20 பேருடைய ஈரலில் குடிகாரர்களின் ஈரலில் உள்ள அதே சேதத்தைக் கண்டு 1980இலேயே எழுதியிருந்தார். அது வட்டார மருத்துவர்களின் மேஜைக்கு வந்துசேர இருபது வருடம் ஆனது. அதுவரை ரிப்போர்ட்டோடு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, குடிக்கிறீர்களா என்பதுதான். செந்தாரப்பட்டியிலிருந்து ஓர் அம்மாவைக் கூட்டிவந்த மகன், ரிப்போர்ட்டை வெளியே யாரிடமோ படிக்கக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, அம்மாவை வெளியில் உட்காரவைத்து, "சார், எங்கம்மா எங்களுக்குத் தெரியாம ஏதாச்சும் குடிக்குதுங்களா?" என்று கேட்டான். அந்த அம்மா ஆயுசில் தொட்டதில்லை. அவர்களுக்கு இருந்தது சர்க்கரை, அதுவும் ஆரம்பக் கட்டம். உடம்பு ஒல்லி.

அந்த ஒல்லிதான் எங்கள் எல்லோரையும் குழப்பியது. சாராயம் இல்லையென்றால் பருமன் என்று அடுத்த பாடம் வந்தது. புத்தகத்துப் படங்களில் இருந்த நோயாளிகள் நூறு கிலோவுக்கு மேல். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஐம்பத்தைந்து, அறுபது கிலோ. 2009இல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நகரவாசிகளில் 32 சதவீதம் பேருக்கு ஈரல் கொழுப்பு இருப்பதாக எழுதினார்கள். பட்டணத்துச் சமாசாரம் என்று அதைத் தள்ளிவிடலாம். அடுத்த ஆண்டு மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்திலிருந்து வந்த ஆய்வை அப்படித் தள்ள முடியவில்லை. அங்கே நோயிருந்தவர்கள் 8.7 சதவீதம்தான். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. 25க்குக் கீழே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொப்பையும் இல்லை, எடையும் கூடுதல் இல்லை. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை யாரோ வங்காளத்தில் எண்ணிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் தன்னையும் தன் ஆங்கிலேய நண்பர் ஜான் யூட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடுத்த ஒரு படத்தை வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அந்தப் படத்தை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். எடை சரியாகத்தானே இருக்கிறது என்று வாதாடுகிறவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே எடையில் ஒருவருக்குக் கொழுப்பு கூடுதலென்றால், அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது எது? சதை. அன்றிலிருந்து நான் சதையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சதைக்கும் ஈரலுக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். சோறு தின்றால் அது சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்குகிறது. அதை வாங்கி வைக்கும் பெரிய குதிர் நம் தசை, அதிலும் தொடையும் பிட்டமும். குதிர் சிறுத்தாலும், அதன் வாய் அடைத்துக்கொண்டாலும் வந்த விளைச்சலை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும்? ஈரல் வாங்கிக்கொள்கிறது. தனக்கு வேண்டிய அளவுக்கு மேல் வருகிற சர்க்கரையை அது கொழுப்பாக மாற்றுகிறது. இது ஊகம் அல்ல. யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர், ஒல்லியான, நோயில்லாத இளைஞர்களில் தசை இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதவர்களைப் பிரித்தெடுத்து மாவுச்சத்து மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய தசை சேமித்த சர்க்கரை மற்றவர்களைவிட 60 சதவீதம் குறைவு. ஈரல் புதிதாகக் கொழுப்பு செய்வது இரண்டு மடங்குக்கு மேல். தொப்பை போடும் முன்பே, சர்க்கரை நோய் வரும் முன்பே இது நடக்கிறது. நான்கு வருடம் கழித்து அதே குழு அப்படிப்பட்டவர்களை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்யவைத்துவிட்டு உணவு கொடுத்தது. அந்த ஒரே ஒரு தடவைக்கே ஈரல் கொழுப்பு செய்வது 30 சதவீதம் இறங்கியது. வேலை செய்த தசை வாயைத் திறந்துவிடுகிறது.

எங்கள் வட்டாரத்தில் அந்தத் தசை எங்கே போனது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நான் வந்த காலத்தில் கவலை ஓட்டி நீர் இறைத்த கிழவர்கள் இன்னும் இருந்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டி, உரலில் ராகியும் கம்பும் குத்தி, தலைச்சுமையாக விறகு கொண்டுவந்த பெண்களுக்கு ஊசி போடப் போனால் தோளில் ஊசி ஏறச் சிரமமாக இருக்கும். மோட்டாரும் கிரைண்டரும் காஸ் அடுப்பும் வந்து, தெருவுக்கு நாலு டூவீலர் வந்து, களை பறிக்க மருந்தும் உழுவதற்கு டிராக்டரும் வந்தன. அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களில் பலர் ரத்தசோகையில் வெளிறிப்போயிருந்தார்கள், காசநோயில் எத்தனையோ பேரை இழந்தோம். உழைப்பு குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. உழைப்பு போன இடத்தில் வேறெதையும் வைக்காமல் விட்டோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சாப்பாடும் கூடவே மாறியது. கொல்லிமலைக்காரர்கள் முள்ளுக்குறிச்சி வழியாக என்னிடம் வருவார்கள். ஒரு காலத்தில் அவர்கள் சாமையும் தினையும் ராகியும் விளைவித்துத் தின்றவர்கள். குச்சிக்கிழங்குக்கு ஆத்தூர், சேலம் சேகோ ஆலைகளில் விலை கிடைக்கத் தொடங்கியதும் சிறுதானியக் காடுகளெல்லாம் கிழங்குக் காடுகளாகின. கையில் காசு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், நல்லதுதான். தட்டில் மட்டும் ரேஷன் அரிசிச் சோறு நிறைந்துகொண்டது. மலையிலும் சரி கீழேயும் சரி, மூன்று வேளையும் மாவுச்சத்து, தொட்டுக்கொள்ளப் புளிக்குழம்பு. கிழங்கில் நூறு கிராமுக்குப் புரதம் ஒரு கிராம் அளவுதான், ஜவ்வரிசியில் அதுவும் இல்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் தேவை என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. என்னிடம் வரும் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் முதல் நாள் தின்றதை வரிசையாகச் சொல்லும்போது மனதுக்குள் கூட்டிப் பார்ப்பேன். பாதியைத் தாண்டுவது அபூர்வம். நாமக்கல் முட்டை பக்கத்து மாவட்டத்திலிருந்து நாடு முழுக்கப் போகிறது. அந்தப் பெண்களிடம் கேட்டால், "முட்டை பேரப்புள்ளைங்களுக்குங்க, எனக்கெதுக்கு?" என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

மரச்சிற்பம் செய்யும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே பெருமை. சம்மணமிட்டு உட்கார்ந்து உளியும் கொட்டாப்புளியுமாக வாகை மரத்தில் யாளியும் குதிரையும் எடுக்கிறவர்களின் கைகளை நான் வியந்து பார்த்திருக்கிறேன். இவருக்கு ஐம்பது வயதிருக்கும், 58 கிலோ. குடி, புகை எதுவும் இல்லை. ஸ்கேனில் கிரேடு இரண்டு. தசை பலத்தைப் பார்க்கக் கைப்பிடி மீட்டரை அமுக்கச் சொல்வது வழக்கம். ஆசிய நாடுகளுக்காக 2019இல் வகுத்த அளவுப்படி ஆண்கள் 28 கிலோவுக்குக் கீழேயும் பெண்கள் 18க்குக் கீழேயும் அமுக்கினால் பலக்குறைவு. இவர் அமுக்கியதில் முள் நாற்பதைத் தாண்டிப் போனது. அத்தோடு விட்டிருந்தால் சதைக்குக் குறையில்லை என்று எழுதி அனுப்பியிருப்போம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள் என்றேன். 12 விநாடிக்குள் முடிக்க வேண்டும். மூன்றாவது தடவையே கை தானாக முழங்காலுக்குப் போய்விட்டது. வேட்டியை ஒதுக்கச் சொல்லிப் பார்த்தால் தோளும் முன்கையும் ஒரு ஆளுடையது, தொடை வேறொரு ஆளுடையது. முன்பெல்லாம் மரத்தைத் தேடிப் போய், இரண்டு பேராக ரம்பம் இழுத்து, தூக்கிவந்து போடுவார்களாம். இப்போது அறுத்த மரம் வாசலுக்கு வருகிறது. இவர் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான்.

அவருக்கு மாத்திரை எழுதவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம், பிறகு பிடிக்காமல். மணிக்கொரு தரம் தரையில் கை ஊன்றாமல் எழுந்து நிற்பது. மரக்கட்டை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது. தினம் இரண்டு முட்டை, மதியம் தயிர், சாயங்காலம் ஒரு கைப்பிடி கடலைக்காய், சோறு ஒரு கரண்டி குறைவு. பிள்ளையார் முன்னால் போடுவதை டாக்டர் வீட்டிலும் போடச் சொல்கிறாரே என்று சிரித்தார், ஆனால் செய்தார். ஒரு வருடம் போலக் கழித்து எடுத்த ஸ்கேனில் கிரேடு ஒன்றுக்கு இறங்கியிருந்தது. எடை ஏறக்குறைய அதே 58தான். எடை குறையாமல் ஈரல் தெளிவதைப் பிரிட்டனில் நியூகாசில் ஆய்வாளர்கள் 2011இல் காட்டியிருந்தார்கள்: எட்டு வாரம் பளு தூக்கும் பயிற்சி, ஈரல் கொழுப்பில் 13 சதவீதம் குறைவு, உடல் எடையில் மாற்றமில்லை. பதின்மூன்று என்பது சிறிய எண்தான். மருந்து எதுவும் இல்லாமல் எட்டே வாரத்தில் வந்தது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும்.

எடையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, ஈரலில் கொழுப்பு என்று எங்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்து, இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பகலிலும் கஞ்சிதான். நாலைந்து மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். ஈரலும் கொஞ்சம் தெளிந்தது உண்மை. பிறகு உடம்பு தாங்காமல் பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எடை மடமடவென்று திரும்பிவிட்டது. போனபோது கொழுப்பும் சதையும் சேர்ந்து போயின. திரும்பியது கொழுப்பு மட்டும். மாதவிடாய் நின்ற வயதில் இழந்த சதை தானாக வராது. என்னிடம் வந்தது ஈரலுக்காக அல்ல. "தரையில உக்காந்தா எந்திரிக்க முடியலீங்க சார், பேத்தி வந்து தூக்கி உடறா" என்று வந்தார். ஸ்கேன் எடுத்தால் முதல் ரிப்போர்ட்டைவிட மோசம். தென் கொரியாவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏழு ஆண்டுபோல் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியான ஆய்வு இதைப் புரியவைத்தது. எடையோடு ஒப்பிட்டுத் தசை அதிகம் இருந்தவர்களுக்குப் புதிதாக ஈரல் கொழுப்பு வருவது குறைவு. முதல் ஓராண்டில் தசை கூடியவர்களுக்கு இன்னும் குறைவு. ஏற்கெனவே நோய் இருந்தவர்களிலும் தசை கூடியவர்களுக்கு அது அதிகம் விலகியது. வெறும் தசையின் அளவைவிட, எடையில் அது எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. நூறு கிலோ ஆளின் தொடை பெரிதாகத்தான் இருக்கும், அவர் சுமக்கிற உடம்புக்கு அது போதாது.

உறவு ஒரு பக்கமானது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரல் கெட்டால் அதுவும் சதையைத் தின்னும். முற்றிய ஈரல் சுருக்க நோயில் கை கால்கள் குச்சியாகி வயிறு மட்டும் நீர் கோத்து நிற்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் படிப்பு காலத்தில் அவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கற்றோம். அம்மோனியா மூளைக்கு ஏறி நினைவு தப்பும் என்ற பயம். ஊர்ப் பத்தியமும் அதற்கு ஒத்துப்போனது. மஞ்சள்காமாலை என்றாலே கீழாநெல்லி, உப்பில்லாத கஞ்சி. முட்டை, கறி, எண்ணெய் எதுவும் ஆகாது. ஈரல் செய்ய முடியாத, அம்மோனியாவை அகற்றும் வேலையில் ஒரு பங்கைத் தசை எடுத்துச் செய்கிறது என்பது தெரிந்த பிறகு மருத்துவம் தலைகீழானது. இப்போது அவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் கொடுக்கச் சொல்கிறார்கள், இரவு படுக்கப்போகும் முன் ஏதாவது தின்னச் சொல்கிறார்கள். பட்டினியாக ராத்திரியைக் கடந்தால் உடம்பு சதையைக் கரைத்துத்தான் சர்க்கரை செய்யும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது இன்றைக்கும் எனக்குப் பெரும்பாடு. பருப்பு, சுண்டல், மோர் என்று தொடங்கி மெதுவாகத்தான் முட்டைக்கு வர வேண்டியிருக்கிறது.

ஈரல் கொழுப்பு இன்று நல்ல வியாபாரமும்கூட. கேம்ப் போட்டு ஃபைப்ரோஸ்கேன் இலவசமாக எடுத்துக் கொடுப்பார்கள். எண்ணைப் பார்த்துப் பயந்தவர்கள் கையில் டானிக் பாட்டிலோடு திரும்புவார்கள். ஈரல் விறைப்பை அளக்கும் அந்தக் கருவி அருமையானது, தழும்பு எவ்வளவு என்று ஊசி குத்தாமல் சொல்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்று மாதக்கணக்கில் எழுதப்படும் அர்சோ மாத்திரை இந்த நோய்க்குப் பயன்படவில்லை என்று சோதனைகள் காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காசுக்கு வீட்டில் எல்லோருக்கும் தினம் முட்டை வாங்கலாம். 2023இல் உலக ஈரல் சங்கங்கள் சேர்ந்து நோயின் பெயரையே வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்து மாற்றின. செந்தாரப்பட்டி மகன் கேட்ட கேள்வியை இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

நடைப்பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறது, நல்ல காரியம். நடந்தால் ஈரல் கொழுப்பு குறையும், சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே தொடை சூம்பியவர்களுக்கு நடை மட்டும் போதாது, சதைக்குப் பாரம் கொடுக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே போகிறார்கள். பக்கவாதக்காரர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் அவர்கள் செய்கிற உதவி பெரிது. சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போகும் வீடுகளில் நாற்காலி சோதனையையும் சேர்த்தால் காசு செலவில்லை. ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும். கூடவே தையல் டேப் ஒன்று: கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் குறைந்தால் கவனிக்க வேண்டும்.

இப்போது என் முன்னால் வருவது புதிய கூட்டம். சேலத்திலும் கோவையிலும் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள். மருந்து வீரியமானது, அவற்றில் ஒன்றான செமாகுளூடைடைக் கொழுப்பால் வரும் ஈரல் அழற்சிக்கே 2025இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். நூறு கிலோக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம் என்றே நினைக்கிறேன். எழுபது கிலோ ஆள் கல்யாணத்துக்கு முன் இளைக்கப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் எனக்குக் கவலை. இந்த ஊசிகளில் குறையும் எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசு, அதில் தசையும் அடக்கம். பசியே எடுக்காததால் இரண்டு இட்லியோடு நாளை முடித்துவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்கு நான் வயிற்றைப் பார்த்த கையோடு ஸ்கேன் புரோபைத் தொடையின் முன்பக்கம் வைத்துத் தசையின் தடிமனை அளந்து எழுதுகிறேன். சில பேருக்கு அந்தத் தசையே ஈரலைப்போல வெளுத்துத் தெரியும், உள்ளே கொழுப்பு ஊடுருவியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து எடை எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் சொல்லும் முன் அந்த இடத்தை மறுபடி அளக்கிறேன். தடிமன் குறைந்திருந்தால் ஊசி எழுதிய டாக்டருக்கு அளவுகளோடு கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். முட்டையும் தோப்புக்கரணமும் அதில் முதல் வரியாக இருக்கும்.